மாவைக் கலக்கக் கூடாது, ஒயினைக் கலக்கணும்: மேட்டூரிலிருந்து ஒரு காற்றின் கதை

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் இன்பாக்ஸில் ஒருவர் கேட்டிருந்தார். "டாக்டர், கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பன்னீர் திராட்சையில் ஒயின் போட்டிருக்கோம். 21 நாள் ஆச்சு. பாட்டிலில் அடைக்கிறதுக்கு முன்னாடி நல்லா கலக்கி உள்ளே இருக்கிற கேஸை வெளியே எடுத்துடணும்னு ஒரு வீடியோவில் சொல்றாங்க. அப்படி எடுத்துட்டா அதில் இருக்கிற விஷமெல்லாம் போயிடும்தானே?"

கேள்வியின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி ஆபத்து. அதுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சு, சேலம் ஜில்லா, சுண்ணாம்பு, கோலி சோடான்னு எங்கெங்கோ போயிட்டேன். சுவாரசியமா இருந்ததால் இங்கேயே எழுதறேன்.

முதல்ல உங்க வீட்டு சமையலறைக்கு வாங்க. மேட்டூர் சித்திரை வெயிலில் ராத்திரி கரைச்சு வச்ச இட்லி மாவு காலையில் குண்டானை விட்டு வெளியே வந்து மேடையில் ஓடிக்கிட்டிருக்கும். அம்மா என்ன சொல்வாங்க? "கரண்டியை விட்டு அடிச்சுக் கலக்காதே, இட்லி கல்லாயிடும்."

அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனா விஷயம் தெரியும். மாவில் இருக்கிற நுண்ணுயிரிகள் ராத்திரி முழுக்க மாவுச்சத்தைத் தின்னு கார்பன் டை ஆக்சைடை விட்டிருக்கு. அந்தக் காற்று உளுந்தின் பசையில் சிக்கி நிக்குது. கலக்கினா வெளியே போயிடும். இட்லிக்கு அந்தக் காற்று வேணும்.

ஒயினுக்கு வேணாம். அதனால அங்கே கலக்கறாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

திராட்சைச் சாற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதை முழுசா தின்னா, பாதி எடை ஆல்கஹால், மீதிப் பாதி எடை கார்பன் டை ஆக்சைடு. அந்தக் காற்றை நம்ம ஊர் வெப்பத்தில் அளந்தா 50 லிட்டருக்கு மேல் வரும். ஒரு லிட்டர் சாறு, ஐம்பது லிட்டர் காற்று! பெரும்பகுதி குமிழி குமிழியாப் போயிடும். கொஞ்சம் மட்டும் திரவத்துக்குள்ளேயே கரைஞ்சு தங்கிடும்.

அப்படித் தங்கினதைத்தான் கேஸ்னு சொல்றாங்க. அது இருந்தா நாக்கில் சுருக்குன்னு குத்தும். அடியில் படிய வேண்டிய வண்டலை குமிழிகள் மேலேயே தூக்கிப் பிடிச்சிருக்கும், ஒயின் தெளியாது. சர்க்கரை மிச்சம் இருக்கான்னு பார்க்க மிதவைக் கருவியைப் போட்டா, அதையும் குமிழிகள் தூக்கிவிட்டு தப்புக் கணக்குக் காட்டும். பழைய காலத்தில் இதுக்கு யாரும் மெனக்கெடலை. மரப்பீப்பாயில் மாசக்கணக்கா கிடக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவாங்க, காற்று தானா போயிடும். ஒரே மாசத்தில் ஒயின் வேணும்ங்கிற இந்தக் காலத்து அவசரத்துக்குத்தான் கலக்குற கம்பியும் வெற்றிட பம்பும்.

நம்ம ஊரில் இந்தப் பிரச்சனையே ஏன் வரலைன்னு யோசிச்சிருக்கீங்களா? நம்ம ஆளுங்களும் ஆயிரக்கணக்கான வருஷமா புளிச்ச பானம் குடிச்சவங்கதானே?

ஏன்னா கள்ளுப் பானைக்கு மூடி கிடையாது.

பனை, தென்னைப் பாளையிலிருந்து சொட்டுற சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. கலயத்தில் விழுந்த நிமிஷத்திலிருந்தே அது நொதிக்க ஆரம்பிச்சிடும். சில மணி நேரத்தில் நுரை தள்ளும். வாய் திறந்த பானை என்பதால் காற்று அது பாட்டுக்குப் போயிடும். அன்னைக்கே குடிச்சு முடிச்சாகணும், மறுநாள் காடி. சேர்த்து வைக்க முடியாது, தூரம் கொண்டு போக முடியாது. அதனால புட்டியும் இல்லை, தக்கையும் இல்லை, வெடிப்பும் இல்லை. இலங்கையில் கள்ளை பாட்டிலில் அடைச்சு ஏற்றுமதி செய்றாங்க. ஆனா முதல்ல சூடாக்கி ஈஸ்டைக் கொன்னுட்டுத்தான் அடைக்கறாங்க. இல்லாட்டி கப்பல் போய்ச் சேராது.

இதே பானையில் ஒரு மாயம் செய்யலாம். கலயத்துக்குள்ளே சுண்ணாம்பைத் தடவிட்டு மரத்தில் கட்டினா, காலையில் இறங்குறது கள் இல்லை, பதநீர். நம்ம கொங்குப் பக்கம் தெளுவு. சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்ய முடியாது. போதையும் இல்லை, காற்றும் இல்லை. அதே மரம், அதே பாளை, அதே ஆள். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

இந்த ஒரு விரல் சுண்ணாம்புமேலதான் நம்ம ஜில்லாவின் வரலாறு ஒரு காலத்தில் நின்னுச்சு.

1937 அக்டோபர் 1. இந்தியாவிலேயே சட்டம் போட்டு ஒரு ஜில்லா முழுக்க மதுவிலக்கு வந்தது சேலத்தில்தான். அப்போ ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் (முதலமைச்சரை அப்படித்தான் கூப்பிட்டாங்க), பதவிக்கு வந்து மூணு மாசம்கூட ஆகலை. சேலத்தில் வக்கீலா இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவரா இருந்தவர், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் அமைச்சு அங்கேயே தங்கினவர். குடியால் நெசவாளிக் குடும்பமும் பண்ணையாள் குடும்பமும் என்ன ஆகுதுன்னு பக்கத்திலிருந்து பார்த்தவர். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை நடத்தினார். அதனால சோதனைக்கு சொந்த ஜில்லாவையே எடுத்துக்கிட்டார்.

அன்றைய சேலம் ஜில்லான்னா இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்து. அதில் மேட்டூர் ஒரு புது ஊர். 1925-ல் தொடங்கின அணை வேலை 1934-ல் முடிஞ்சு மூணே வருஷம். 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்திருச்சு. ஆலைத் தொழிலாளி, கூலிக்காரர், அணை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிட்டவர்னு பல ஊர் ஜனம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் காலையில் கடை மூடினா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இதில் ஒரு வேடிக்கை. மேட்டூரிலிருந்து கீழே இறங்கினா காவிரிதான் அன்னைக்கு சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களுக்கு எல்லை. பள்ளிபாளையம் சேலத்தில், எதிர்க்கரை ஈரோடு கோயமுத்தூரில். குமாரபாளையம் சேலத்தில், எதிர்க்கரை பவானி கோயமுத்தூரில். இந்தக் கரையில் ஒரு சொட்டு குடிச்சா குற்றம், அந்தக் கரையில் மதுவிலக்கே கிடையாது. ஆத்துக்கு என்ன தெரியும் பாவம்.

மரம் ஏறுறவங்க என்ன ஆனாங்க? வரலாற்றில் நாம சீக்கிரம் தாண்டிப் போற இடம் இது. கள் இறக்கினவங்களைக் கருப்பட்டி காய்ச்சச் சொன்னாங்க. அதாவது கலயத்தில் சுண்ணாம்பு தடவச் சொன்னாங்க. சொல்றது சுலபம். கள்ளுக்கு விறகு வேணாம், கொப்பரை வேணாம். இறக்கினா காசு. கருப்பட்டிக்கு நாள் முழுக்க அடுப்பு எரியணும், பொண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் புகையில் நிக்கணும். மதுவிலக்கால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிஞ்சது உண்மை. சில வீட்டில் அடுப்பு மட்டும்தான் எரிஞ்சது என்பதும் உண்மைதான். குடியின் கெடுதலைத் தினமும் பார்க்கிற டாக்டரா நான் மதுவிலக்குக்காரன் பக்கம்தான் சாய்வேன். ஆனா இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதணும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கள்ளுக்கடை வருமானம் போனதால் கஜானாவில் ஓட்டை. அதை அடைக்க 1939-ல் ராஜாஜி அரசு கொண்டு வந்ததுதான் பொது விற்பனை வரி. இன்னைக்கு நீங்க கட்டுற ஜிஎஸ்டியோட கொள்ளுப்பாட்டின்னு வச்சுக்கங்க.

பிறகு நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1939-ல் காங்கிரஸ் அரசு விலகுச்சு, உலகப் போர் நடுவில் மதுவிலக்கு கைவிடப்பட்டது, 1948 அக்டோபர் 2-க்குள் மாகாணம் முழுக்க மறுபடி வந்தது. 1971-ல் தளர்த்தல், கொஞ்ச வருஷத்தில் மறுபடி மூடல், 1981-ல் மறுபடி திறப்பு. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, இன்னைக்கு வரை. 2003 முதல் சில்லறை மதுக்கடை டாஸ்மாக் கையில். அந்த 1937 சட்டம் மட்டும் பல திருத்தங்களோட இன்னும் உயிரோட இருக்கு. அதன்படி உரிமம் இல்லாம வீட்டில் மது தயாரிக்கிறது குற்றம். திராட்சை ஒயினும் மதுதான். என்கிட்ட கேட்ட அந்த நண்பருக்கு இதை முதல்ல சொல்லிட்டேன். திருப்பலிக்கான திராட்சை ரசம் தனி அனுமதியில் வர்றது, அதை இதோட குழப்பிக்காதீங்க.

(மேட்டூர் அணையில் தண்ணி நல்லா இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தலை காட்டும், பார்த்திருப்பீங்க. அந்த ஆலயம் முழுகினது 1934-ல், மதுவிலக்குக்கு மூணு வருஷம் முன்னாடி. அங்கேயும் பூசைக்கு திராட்சை ரசம் இருந்திருக்கும். சும்மா தோணுச்சு.)

இப்போ அந்த சுண்ணாம்புக்குத் திரும்புவோம். ஏன்னா இந்தக் காற்றை உலகம் கண்டுபிடிச்சதே சுண்ணாம்பை வச்சுத்தான். கண்டுபிடிச்சவர் எங்க ஜாதி, அதாவது டாக்டர்.

ஜோசப் பிளாக், ஸ்காட்லாந்துக்காரர். சிறுநீரகக் கல்லுக்கு அந்தக் காலத்தில் சுண்ணாம்புத் தண்ணி குடுப்பாங்க. வாய் வெந்து போகும். அதைவிட மென்மையான மருந்து தேடிப் போனவர், 1754-ல் எடின்பரோவில் தன் மருத்துவப் பட்ட ஆய்வை சமர்ப்பிச்சார். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டா அதிலிருந்து ஒரு காற்று வெளியேறுது, அது நாம சுவாசிக்கிற காற்றே இல்லைன்னு கண்டார். அதுக்கு 'நிலைத்த காற்று'ன்னு பேர் வச்சார். அதே காற்று நொதிக்கிற தொட்டியிலிருந்தும் வருது, நம்ம மூச்சிலிருந்தும் வருதுன்னு பிறகு நிரூபிச்சார். எப்படி? தெளிந்த சுண்ணாம்புத் தண்ணிக்குள் விட்டா பால் மாதிரி வெளுக்கும். நீங்க ஏழாம் கிளாஸில் குழாய் வச்சு ஊதினீங்களே, அதேதான்.

அடுத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. லீட்ஸ் நகரில் பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த பாதிரியார். நொதிக்கிற தொட்டிக்கு மேலே கனமா ஒரு காற்றுப் போர்வை நிக்குதுன்னு பார்த்தார். அதுக்கு மேல தண்ணிப் பாத்திரத்தைப் பிடிச்சு, காற்றை தண்ணியில் கரைச்சார். 1772-ல் செய்முறையை அச்சிட்டு வெளியிட்டார். கப்பல் மாலுமிகளோட ஸ்கர்வி நோய்க்கு மருந்தாகும்னு நம்பினார். ஆகலை, அதுக்கு வைட்டமின் சி வேணும். ஆனா உலகத்துக்கு சோடா கிடைச்சது.

ஒயின்காரன் வெளியே தள்ளப் படாதபாடு படுற காற்றை சோடாக்காரன் காசு குடுத்து உள்ளே ஏத்தறான். நூறு வருஷம் கழிச்சு 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் அந்தக் காற்றையே பூட்டாக்கினார். கழுத்தில் கண்ணாடிக் கோலி, உள்ளேயிருந்து காற்று தள்ளினா கோலி ரப்பர் வளையத்தில் போய் அடைச்சுக்கும். இங்கிலாந்து அதை மறந்திருச்சு, நம்ம ஊர் மறக்கலை. குடிக்கவும் வச்சிருந்தோம், தெருச் சண்டையில் வீசவும் வச்சிருந்தோம். சோடா பாட்டில் வீச்சில் கண்ணு போனவங்களைப் பத்தி எங்க சீனியர்கள் கதை கதையா சொல்வாங்க.

கண்ணுன்னதும் விஷயத்துக்கு வந்துட்டோம். இதுதான் இந்த இழையின் முக்கியமான இடம், கவனமாப் படிங்க.

ஒயினில் இரண்டு வகைக் காற்று உண்டு. ஒன்று, ஏற்கனவே பிறந்து கரைஞ்சு கிடக்கிறது. இன்னொன்று, இன்னும் பிறக்காதது. மிச்சம் இருக்கிற சர்க்கரைக்குள் ஒளிஞ்சிருக்கிறது. நீங்க எவ்வளவு கலக்கினாலும் முதல் வகைதான் போகும். பாட்டிலை வெடிக்க வைக்கிறது இரண்டாவது வகை.

கணக்கு சொல்றேன். மூடின பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு டீஸ்பூன், நொதிச்சா சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஐந்து டீஸ்பூன் மிச்சம் இருந்தா ஐந்து மடங்கு. பிஎஸ்ஐ கணக்கில் எழுபதுக்கு மேல. உங்க கார் டயரில் முப்பது, முப்பத்தஞ்சு. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரங்களுக்கு இந்த எண் எவ்வளவு பெரிசுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷாம்பெயின் பாட்டிலை இந்த அழுத்தத்துக்குன்னே தடியா செய்றாங்க. உங்க வீட்டு ஜூஸ் பாட்டிலும் ஸ்குவாஷ் பாட்டிலும் அப்படி இல்லை.

ஷாம்பெயின் கதையே இதுதான். பிரான்சின் அந்தப் பகுதி குளிர். பனிக்காலம் வந்ததும் ஈஸ்ட் தூங்கிடும். குமிழி நின்னுடுச்சு, முடிஞ்சதுன்னு புட்டியில் அடைப்பாங்க. வசந்தம் வந்ததும் அது முழிச்சுக்கும். ஒரு புட்டி வெடிச்சா பக்கத்துப் புட்டியும் வெடிக்கும். நிலவறையில் வேலை செஞ்சவங்க முகத்துக்கு இரும்புக் கவசம் போட்டுக்கிட்டாங்க. ஷாம்பெயினைக் கண்டுபிடிச்சவர்னு சொல்லப்படுற டாம் பெரிஞ்ஞான் துறவி உண்மையில் அந்தக் குமிழியை ஒழிக்கத்தான் பாடுபட்டார். எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு அழுத்தம்னு பிரான்சுவா என்ற மருந்தாளுநர் 1836-ல் கணக்குப் போட்டுக் குடுத்த பிறகுதான் வெடிப்பு குறைஞ்சது.

மேட்டூரில் ஏது பனிக்காலம்னு கேட்கறீங்களா? உங்க ஃபிரிட்ஜ்! ஃபிரிட்ஜில் வச்ச ஒயினில் குமிழி நிக்கும். "நொதிச்சு முடிஞ்சது"ன்னு நினைச்சு இறுக்கி மூடுவீங்க. அலமாரியில் வைப்பீங்க. பங்குனி வெயிலில் ஈஸ்ட் எழுந்திரிக்கும். போதாக்குறைக்கு, குளிர்ந்த திரவம் பிடிச்சு வச்சிருந்த காற்றைச் சூடான திரவம் பிடிச்சு வைக்காது. இரண்டும் சேர்ந்துக்கும். ஒயினை விடுங்க, இப்போ வீட்டுக்கு வீடு போடுற கொம்புச்சா, இஞ்சி பீர் எல்லாத்துக்கும் இதே விதிதான்.

அப்படி ஏதாவது வெடிச்சு கண்ணில் கண்ணாடி பட்டிருச்சுன்னா, தேய்க்காதீங்க. தண்ணி ஊத்தி அலசாதீங்க (ஆசிட், சுண்ணாம்பு பட்டால்தான் அலசணும், குத்தின கண்ணாடிக்கு இல்லை). தெரியற சில்லைப் பிடுங்காதீங்க. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணுக்கு மேல அழுத்தாம கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டி, நேரா கண் மருத்துவமனை. சாப்பாடு, தண்ணி குடுக்காதீங்க, உடனே ஆபரேஷன் தேவைப்படலாம்.

அடுத்து, மூடின இடம். இந்தக் காற்று சாதாரணக் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பள்ளத்தில் தேங்கும். பூட்டின சின்ன அறையில் பெரிய டிரம் கணக்கில் நொதிக்க வச்சா அந்த அறையே பிரீஸ்ட்லியோட தொட்டிதான். காற்றில் இது நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆயிட்டா சில நிமிஷத்தில் நினைவு தப்பும். நம்ம பக்கம் பழைய ராகிக் குழிகளையும் பாழுங்கிணறுகளையும் திறந்து வச்சுட்டு, விளக்கை இறக்கிப் பார்த்துட்டுத்தான் ஆள் இறங்கணும்னு பெரியவங்க சொல்வாங்க. நல்ல புத்தி. ஆனா விளக்கு அணையலைன்னா பத்திரம்னு அர்த்தம் இல்லை. வேற விஷ வாயு இருந்தா விளக்கு காட்டிக் குடுக்காது, எரியற வாயு இருந்தா விளக்கே எமன். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி, அவரைத் தூக்க மூணாமவர் இறங்கி, ஒரே குடும்பத்தில் மூணு பேர் போற செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம். இறங்காதீங்க. 112-க்குக் கூப்பிடுங்க.

இதோட உச்சம் 1986 ஆகஸ்ட் 21, கேமரூன் நாட்டு நியோஸ் ஏரி. எரிமலைக் குழியில் இருக்கிற ஆழமான ஏரி. அடித்தண்ணியில் பல காலமா கரைஞ்சு சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு, குலுக்கின சோடா மாதிரி ஒரே ராத்திரியில் பொங்கி, பள்ளத்தாக்கில் இறங்கி, சுமார் 1,700 பேரைத் தூக்கத்திலேயே கொன்னுச்சு. 2001-ல் அந்த ஏரிக்குள்ளே நீளமா ஒரு குழாயை நிரந்தரமா இறக்கினாங்க. முதல்ல மட்டும் பம்ப் போட்டு இழுத்தா போதும், மேலே வர வர குமிழி விட்டு தானே பீச்சிக்கிட்டே இருக்கும். ஒரு ஏரிக்கே கேஸ் எடுத்த கதை. உடனே "நம்ம டேம்?"னு கேட்காதீங்க. ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்கு அடியில் எரிமலை இல்லை, தண்ணியும் வருஷா வருஷம் பாசனத்துக்குப் போய் புதுசா நிறையுது.

கடைசியா அந்த "விஷமெல்லாம் போயிடுமா" கேள்வி.

போகாது. குமிழியா போறது கார்பன் டை ஆக்சைடு மட்டும். உயிரை வாங்குற மெத்தனால் ஒரு திரவம். ஆல்கஹாலோட ஆல்கஹாலா கலந்து கிடக்கும். கலக்கினாலும் போகாது, மூடியைத் திறந்து வச்சாலும் போகாது, மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒழுங்கா நொதிச்ச திராட்சை ஒயினில் அது மிகமிகக் குறைவுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்தது நொதிக்க வச்ச தவறால் இல்லை, சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்ததால். அங்கிருந்து பலரை சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டு வந்தாங்க. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைத் தின்னும். குடிச்ச பிறகு பல மணி நேரம் ஒன்றும் தெரியாது, சாதாரணப் போதைன்னு நினைச்சுப் படுத்துடுவாங்க. பார்வை மங்குது, பனி மூட்டமா தெரியுது, வயிறு வலிக்குது, மூச்சு வாங்குதுன்னு யாராவது சொன்னா காலைவரை காத்திருக்காதீங்க. போலீஸுக்குப் பயந்து மறைக்காதீங்க. என்ன குடிச்சார், எப்போ குடிச்சார்னு டாக்டர்கிட்ட நேராச் சொல்லுங்க. மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்துக்குக் கிடைச்சா உயிரும் பார்வையும் தப்ப வழி உண்டு.

நண்பருக்கு நான் அனுப்பின பதிலையும் போட்டுடறேன். "சட்டம் என்னன்னு சொல்லிட்டேன். அந்த ஜாடியை இப்போதைக்கு இறுக்கி மூடாதீங்க, மேலே துணி மட்டும் கட்டி, குழந்தைகள் போகாத, காற்றோட்டமான இடத்தில் வைங்க. ஏற்கனவே பாட்டிலில் அடைச்சிருந்தா, கண்ணாடி போட்டுக்கிட்டு, மேலே தடிமனான டவலைப் போர்த்தி, ஒவ்வொன்றா மூடியைத் தளர்த்துங்க."

அரை மணி நேரம் கழிச்சு அவர்கிட்டேயிருந்து பதில் வந்தது: "நாலு பாட்டில் அடைச்சிருந்தேன் டாக்டர். மூணாவது மூடி கூரையில் போய் அடிச்சது."

மாவு அரைச்சு வச்சிருக்கிறவங்க, குண்டானில் பாதிக்கு மேல ஊத்தாதீங்க.